யாருடைய கட்டி, எந்த எலி?

சென்ற மாதம் திருவனந்தபுரத்திலிருந்து திரும்பி வந்த பேருந்தில் யாரோ ஒருவர் என் அத்தானின் கையில் ஒரு துண்டறிக்கையைத் திணித்துவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்று வந்த களைப்பிலும் அவர் அதைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குழித்துறையில் இறங்கி நேராக என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "எலிகளில் புற்றுக்கட்டி 28 நாட்களில் முற்றிலும் மறைந்தது, உடலின் எதிர்ப்பு சக்தி பெருகியதே காரணம்" என்று அதில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. "இது உள்ளதா, தம்பி?" என்று கேட்டார்.

விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆயினும் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் அவருக்கு விடை சொல்ல முடியவில்லை. எலிக்குள் வைத்த கட்டி மறைவது பொய்யன்று; நூற்றிருபது ஆண்டுகளாக ஆய்வகங்களில் கண்டுவரும் காட்சி அது. ஆனால் அந்த எலியின் உடல் எதை விரட்டியது, புற்றுநோயையா அல்லது அந்நியச் சதையையா என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டால், உலகத்திலேயே மிக எளிதாகக் குணமாகும் நோய் எலியின் புற்றுநோய்தான் என்று தோன்றிவிடும். அறிவியலாளர்களே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இந்தக் குழப்பத்தில் கிடந்தார்கள் என்பதால், அத்தானைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரப்பர்க் கன்றில் ஒட்டிய கண்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குலசேகரம், அருமனை வட்டாரங்களில், ரப்பர் நாற்றங்காலைப் பார்க்காதவர் குறைவு. விதையிலிருந்து வளர்ந்த அடிக்கன்றின் பட்டையைச் செவ்வகமாகக் கீறி, மெல்லத் தூக்கி, நல்ல ரக மரத்தின் கிளையிலிருந்து பட்டையோடு பெயர்த்தெடுத்த ஒரு கண்ணை அதனுள் பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவால் இறுகச் சுற்றிவிடுவார்கள். மூன்று வாரம் போல் கழித்து நாடாவை அவிழ்த்து, கண்ணைச் சுற்றியுள்ள பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. பழுத்துக் கறுத்திருந்தால் போயிற்று. "கண்ணு பிடிச்சுதுன்னா பின்ன மரம் நூத்தஞ்சுதான் சாரே, அடியில எந்த வித நின்னாலும் ஒண்ணுதான்" என்று ஒட்டுக் கட்டும் தொழிலாளி ஒருவர் ஒருமுறை எனக்குச் சொன்னார். ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரகத்தைத்தான் அவர் நூற்றைந்து என்றார். அந்த ரகத்து மரங்கள் அத்தனையும் ஒரே தாய்மரத்தின் நகல்கள்.

ஒட்டு என்பதன் பொருள் இங்கேயே விளங்கிவிடுகிறது. வேறோர் உடலின் உயிருள்ள துண்டு, புதிய உடலின் சாற்றைக் குடித்துத் தன் இயல்பு மாறாமல் வளர்கிறது. எலியில் செய்வதும் இதுவே. ஓர் எலியில் வளர்ந்த புற்றுக்கட்டியின் உயிருள்ள செல்களை இன்னோர் எலியின் உடலில் வைத்து வளர்ப்பதால் அதனை ஒட்டுக்கட்டி என்று இக்கட்டுரையில் அழைப்போம்.

ஆனால் ஒப்புமை இத்துடன் நின்றுவிடுகிறது. அடிக்கன்றுக்குள் வந்தவன் யார் என்று சுற்றித் திரிந்து விசாரிக்கும் செல்கள் கிடையாது. ஆகவே ரப்பர் மரம் தனக்கு உறவில்லாத மரத்தின் கண்ணையும் ஏற்றுக்கொள்கிறது. எலிக்கும் நமக்கும் அப்படிப்பட்ட செல்கள் உண்டு. உறவில்லாத இரு எலிகளுக்கிடையே ஒரு துண்டுத் தோலை மாற்றி ஒட்டினால், முதல் வாரம் ஒட்டு நன்றாகப் பிடித்ததுபோல் இளஞ்சிவப்பாகத் தெரியும். பத்துப் பன்னிரண்டு நாட்களில் காய்ந்து உதிர்ந்துவிடும். அதே எலியின் தோலை மறுபடியும் ஒட்டினால் ஏறத்தாழ பாதி நாட்களிலேயே உதிர்ந்துவிடும். அந்த உடல் முதல் அனுபவத்தை நினைவில் வைத்திருக்கிறது.

ஊசியில் பத்தில் ஒரு மில்லி

இச்சோதனை ஆய்வகத்தில் எப்படி நடக்கிறது என்பதை அருகில் நின்று பார்ப்பது நல்லது. பல தவறான எண்ணங்கள் இதை அறியாததால் வருபவை. கண்ணாடிக் குடுவையில் ஊட்டக் கரைசலில் வளர்த்த புற்றுச் செல்களைக் கழுவி, எண்ணி, ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரையிலான செல்களைப் பத்தில் ஒரு மில்லி திரவத்தில் கலந்து, எலியின் விலாப்பக்கத்து முடியை மழித்து, தோலுக்கும் தசைக்கும் இடையே ஊசியால் செலுத்துகிறார்கள். உளுந்தளவு வீக்கம் ஒன்று எழுந்து சிறிது நேரத்தில் அமிழ்ந்துவிடும். ஒரு வாரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்குக் கட்டி வளரும். அதன் பிறகு சில நாட்களுக்கு ஒருமுறை, பள்ளி ஆய்வகத்தில் நாம் கண்ட வெர்னியர் அளவி போன்ற கருவியால் நீள அகலங்களை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். பி16 என்ற பெயருடைய தோல் புற்று, நிறமி மிகுந்ததாகையால், மழித்த தோலுக்கடியில் மைத்துளி போலக் கருப்பாகவே தெரியும்.

மனிதருக்கு வரும் புற்றுநோயோ பல ஆண்டுகளில், ஒரு செல்லிலிருந்து தொடங்கி, ஓசையின்றி வளர்வது. எலியில் ஒரே நொடியில் லட்சக்கணக்கான செல்கள் ஊசிக் காயத்தோடு சேர்ந்து வந்து விழுகின்றன. அவற்றில் ஒரு பகுதி அங்கேயே செத்தும் போகிறது. உடலின் காவலர்களை எழுப்ப இது போதும்.

செல் நீட்டும் தாம்பாளம்

வந்தவன் அந்நியன் என்று உடலுக்கு எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களைச் சிறு துணுக்குகளாக நறுக்கி, எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட அத்துணுக்குகளை ஒரு தாம்பாளத்தில் வைத்துத் தன் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "என் வீட்டில் இன்று இவைதான் சமையல்" என்று காட்டுவது போல. இந்தத் தாம்பாளத்துக்குத் திசுப் பொருத்த மூலக்கூறு என்று பெயர். எலியில் இவற்றை ஆக்கும் மரபணுத் தொகுதியை எச்-2 என்றும் மனிதரில் எச்.எல்.ஏ. என்றும் சொல்வார்கள். வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரக மாற்று நடந்திருந்தால், எச்.எல்.ஏ. பொருத்தம் பார்க்க இரத்தம் கொடுத்த நினைவு உங்களுக்கு இருக்கும். அங்கே பார்க்கப்படுவது இந்தத் தாம்பாளத்தின் வடிவத்தைத்தான்.

தாம்பாளங்களைச் சோதித்துச் செல்லும் காவலருக்கு டி செல் என்று பெயர். இது இரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை. டி செல்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் என்ற சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. சொந்த வீட்டுத் தாம்பாளத்தையும் அதில் வழக்கமாக இருக்கும் பண்டங்களையும் கண்டு சீறும் டி செல்கள் பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்பட்டுவிடும். எஞ்சியவை, பழகிய தாம்பாளத்தில் பழகாத பண்டம் இருந்தால் மட்டும் சீற்றம் கொள்ளும். அப்படி ஏதேனும் ஒரு குறிப்பிட்ட புதுத் துணுக்கை அடையாளம் காணக்கூடிய டி செல், லட்சத்தில் ஒன்றாகவோ அதைவிட அரிதாகவோதான் இருக்கும்.

தாம்பாளமே அந்நியமாக இருந்துவிட்டால் நிலைமை முற்றிலும் வேறு. அப்போது பண்டம் எதுவாக இருந்தாலும் காட்சி முழுவதுமே புதிது. உடலில் உள்ள டி செல்களில் நூற்றுக்கு ஒன்று முதல் பத்து வரை ஒரே நேரத்தில் அதைப் பகையாகக் காணும். லட்சத்தில் ஒன்று எங்கே, நூற்றில் பத்து எங்கே! இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் எஞ்சியதெல்லாம் எளிது.

சுருங்கச் சொன்னால், டி செல் பார்ப்பது தாம்பாளத்தையும் அதில் உள்ள துணுக்கையும் சேர்த்து. துணுக்கு மாறினால் சிறு எதிர்ப்பு, தாம்பாளம் மாறினால் பேரெதிர்ப்பு.

நடனமாடும் எலிகளும் மட்டி வாழையும்

1903இல் டென்மார்க்கைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் கார்ல் யென்சன், ஒரு வெள்ளெலியின் கட்டியை எடுத்து எலியிலிருந்து எலிக்கு மாற்றித் தலைமுறை தலைமுறையாக வளர்க்க முடியும் என்று காட்டினார். புற்றுநோயைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து ஆராய வழி கிடைத்துவிட்டது என்று அறிஞர் உலகம் மகிழ்ந்தது. ஆனால் அக்காலத்து ஆய்வக எலிகள் சந்தை நாட்டுக்கோழிகள் போல, பலவிதப் பெற்றோருக்குப் பிறந்தவை. ஒட்டிய கட்டி சில எலிகளில் வளர்ந்தது. பலவற்றில் சில நாட்கள் வளர்ந்து கரைந்தது. கரையச் செய்யும் மருந்தைத் தாங்கள் கண்டுவிட்டதாகப் பலர் நம்பினார்கள். மருந்து கொடுக்காத எலிகளிலும் அது கரைந்தது என்பதைப் பொறுமையாக எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு.

முடிச்சை அவிழ்த்தவர்கள் அமெரிக்காவின் எர்னஸ்ட் டைசரும் கிளாரன்ஸ் குக் லிட்டிலும். ஜப்பானிய நடன எலி என்ற ஓர் இனம் உண்டு. உள்காதுக் குறைபாட்டால் சுழன்று சுழன்று ஓடும். அவ்வினத்தில் தோன்றிய கட்டி, அவ்வின எலிகளில் எல்லாம் வளர்ந்தது. சாதாரண எலிகளில் வளரவேயில்லை. இரண்டுக்கும் பிறந்த கலப்புக் குட்டிகளில் வளர்ந்தது. அக்குட்டிகள் ஈன்ற அடுத்த தலைமுறையிலோ மிகச் சிலவற்றில் மட்டுமே வளர்ந்தது. கட்டியை ஏற்பதும் மறுப்பதும் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பவை என்று லிட்டில் இதிலிருந்து முடிவு கட்டினார். நம் ஒப்புமையில் சொன்னால், கலப்புக் குட்டிக்கு அப்பா வீட்டுத் தாம்பாளமும் அம்மா வீட்டுத் தாம்பாளமும் வீட்டுப் பாத்திரங்களே. ஆகவே இரண்டில் எது வந்தாலும் அது சண்டைக்குப் போவதில்லை. பேரக்குட்டிகளிடத்தில் பாத்திரங்கள் சிதறிப் பங்காகிவிடுவதால், கட்டி கொண்டுவரும் அத்தனையும் பழகியதாக இருக்கும் குட்டி அரிதினும் அரிது.

1909 முதல் லிட்டில் அண்ணன் தங்கை எலிகளையே தொடர்ந்து இணைசேர்த்து வந்தார். இவ்வாறு 20 தலைமுறை கடந்தபின் பிறக்கும் எலிகள் மரபணு அளவில் ஏறத்தாழ ஒன்றன் நகல் மற்றொன்றாகிவிடும். இவற்றை உள்ளினக் கலப்பு எலிகள் என்பர். மட்டி வாழையின் பக்கக் கன்றைப் பெயர்த்து எந்தத் தோட்டத்தில் நட்டாலும் அதே மட்டிதானே, அப்படித்தான். இன்று உலகெங்கும் பயன்படும் சி57பிஎல் என்ற கறுப்பு எலி வகை லிட்டில் 1921இல் தொடங்கியது. 1929இல் அவர் மெய்ன் மாநிலத்தில் நிறுவிய ஜாக்சன் ஆய்வகத்திலிருந்து இத்தகைய எலிகள் இன்றளவும் ஆய்வாளர்களுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பின்னர் இலண்டனில் பீட்டர் கோரரும் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஸ்நெல்லும் ஒட்டுக்கட்டிகளை வைத்தே எச்-2 தொகுதியைக் கண்டறிந்தார்கள். ஸ்நெல்லுக்கு 1980இல் நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது. புற்றுநோயைத் தேடிப் போனவர்கள் உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் அடிப்படையைக் கண்டு திரும்பிய கதை இது. எனக்கு மிகவும் பிடித்த கதையும் இதுவே.

அந்நிய இனத்துக் கட்டி கரையும் வழி

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது நமக்குத் தெரியும். நெறி கட்டும் அந்த இடத்தில் இருப்பது நிணநீர் முடிச்சு. டி செல்கள் கூடிக் காத்திருக்கும் சாவடி என்று அதைச் சொல்லலாம். கறுப்பு எலியின் கட்டியை வேறோர் இனத்து வெள்ளை எலியின் விலாவில் வைத்தால் என்ன நடக்கிறது? ஊசிக் காயத்திலும் செத்த செல்களிலும் இருந்து எழும் அபாயக் குறிகளைக் கண்டு, கிளைகள் விரிந்த உருவமுடைய டென்ட்ரிட்டிக் செல்கள் அங்கே வருகின்றன. அவை கட்டியின் துண்டுகளை விழுங்கிக்கொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குச் சென்று காட்டுகின்றன. பொருந்தும் டி செல் அதைத் தொட்டதும், "இது அபாயம்தான்" என்ற இரண்டாவது ஒப்புதல் குறியையும் டென்ட்ரிட்டிக் செல் தர வேண்டும். அது கிடைத்தால்தான் டி செல் பெருகத் தொடங்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிச் சில நாட்களில் பெரும்படை திரண்டுவிடும்.

அவற்றில் கொல்லும் திறனுள்ள டி செல்கள் இரத்தத்தில் பயணித்துக் கட்டியை அடைகின்றன. புற்றுச் செல்லோடு ஒட்டி நின்று, அதன் மேலுறையில் துளையிடும் பெர்ஃபோரின் என்ற புரதத்தையும், உள்ளே சென்று தற்கொலைக்குத் தூண்டும் கிரான்சைம் என்ற புரதத்தையும் செலுத்துகின்றன. ஒரு டி செல் ஒன்றைக் கொன்றுவிட்டு அடுத்ததற்கு நகரும். அவை வெளியிடும் இன்டர்ஃபெரான் காமா என்ற செய்திப் பொருளால் சுற்றியுள்ள புற்றுச் செல்கள் இன்னும் அதிகமான தாம்பாளங்களை வெளியே நீட்டுவதால், அவை மேலும் எளிதில் அகப்படுகின்றன. முதல் வாரம் மளமளவென்று வளர்ந்த கட்டி, இரண்டாம் மூன்றாம் வாரங்களில் சுருங்கி, சிறு வடுவாக முடிந்துவிடும். இத்தனையிலும் புற்றுநோய் என்ற தன்மைக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே இடத்தில் அந்த இனத்தின் நலமான தோலை ஒட்டியிருந்தாலும் இதே கதிதான்.

இவ்விதிக்கு ஒரு விலக்கு நம் தெருவிலேயே திரிகிறது. தெருநாய்களின் இனப்பெருக்க உறுப்பில் பூக்கோசு போலச் சிவந்து இரத்தம் கசியும் கட்டி ஒன்றைப் பலர் கண்டிருப்பீர்கள். அது கிருமியால் வருவதன்று; புணர்ச்சியின்போது உயிருள்ள புற்றுச் செல்களே ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்கு ஒட்டிக்கொள்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் செல்களிலிருந்து வந்தவையே உலகிலுள்ள இத்தகைய கட்டிகள் எல்லாம். அந்நிய நாயின் சதை எப்படித் தப்புகிறது? வளரும் காலத்தில் அச்செல்கள் தாம்பாளங்களைப் பெரும்பாலும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்கின்றன. மீண்டும் அவற்றை நீட்டத் தொடங்கும்போது, சில நாய்களில் கட்டி தானாகவே சுருங்கவும் செய்கிறது.

சொந்த இனத்துக் கட்டி: நுட்பமான கேள்வி

இனி உண்மையான கேள்விக்கு வரலாம். தாம்பாளம் ஒன்றாகவே இருந்து, புற்றுநோயாக மாறியது மட்டுமே வேறுபாடு என்றால் உடல் அதைக் கண்டுகொள்ளுமா?

1957இல் அமெரிக்காவில் ரிச்மண்ட் பிரெனும் ஜோன் மெயினும் செய்த சோதனை இதற்குத் தெளிவான விடை தந்தது. மெத்தில்கொலாந்த்ரீன் என்ற வேதிப்பொருளைச் செலுத்தி உள்ளினக் கலப்பு எலியில் கட்டி உண்டாக்கினார்கள். அக்கட்டியை அதே இனத்தின் வேறு எலிகளில் ஒட்டி, சிறிது வளரவிட்டு அகற்றினார்கள். பிறகு அதே கட்டியின் செல்களை மீண்டும் வைத்தபோது அவ்வெலிகள் அதை விரட்டின. இதுவும் இனவேறுபாட்டின் எச்சமோ என்ற ஐயத்தைப் போக்க, முதலில் கட்டி தோன்றிய எலியின் தோலையும் அவற்றில் ஒட்டிப் பார்த்தார்கள். தோல் நன்றாகப் பிடித்துக்கொண்டது; கட்டி மட்டும் மறுக்கப்பட்டது. அந்த ஒரு தோல் துண்டுதான் ஐம்பது ஆண்டுக் குழப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது என்பது என் கருத்து. 1960இல் ஸ்வீடனில் ஜார்ஜ் கிளைன், எலிக்குள்ளேயே தோன்றிய கட்டியை வெட்டியெடுத்து, அதே எலியைத் தயார்படுத்தி, அதன் சொந்தக் கட்டியையே அது எதிர்க்கும் என்று காட்டினார்.

இதில் இன்னொரு வியப்பும் இருந்தது. ஒரே வேதிப்பொருள், ஒரே இனம். ஆயினும் முதல் எலியின் கட்டிக்கு எதிராகப் பழகிய எலி, இரண்டாம் எலியின் கட்டியைத் தடுக்கவில்லை. ஒவ்வொரு கட்டிக்கும் தனி அடையாளம். வேதிப்பொருள் மரபணுக்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்துப் பிழைகளை உண்டாக்குகிறது. பிழையான மரபணுவிலிருந்து பிழையான புரதம் வருகிறது. அதன் துணுக்கு பழைய தாம்பாளத்தில் புதுப் பண்டமாக வெளியே தெரிகிறது. இத்தகைய துணுக்குகளைப் புது எதிர்த்தூண்டிகள் என்கிறார்கள். 2012இல் மரபணு வரிசையை முழுவதும் படித்து, ஓர் எலிக்கட்டி மறுக்கப்படுவதற்கு ஸ்பெக்ட்ரின் என்ற புரதத்தில் நேர்ந்த ஒற்றைப் பிழையே காரணம் என்று காட்டினார்கள்.

ஆக, உடல் புற்றுநோயைக் காண வல்லது. ஆனால் அந்நியச் சதையைக் காணும் வேகத்தோடு அன்று, போதிய பிழைகள் இருந்தால் மட்டுமே.

போதிய பிழைகள் இல்லாவிட்டால்? 1976இல் இங்கிலாந்தின் ஹெவிட் இதையே கேட்டார். வேதிப்பொருளோ கதிர்வீச்சோ இன்றித் தாமாகத் தோன்றிய 27 எலிக்கட்டிகளைத் தன் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்த அவர், அவற்றுக்கு எதிராக உடல் எதிர்ப்புக் காட்டியதற்கு எந்தச் சான்றும் இல்லை என்று எழுதினார். பலருக்கு அது கசந்தது. 2001இல் ராபர்ட் ஷ்ரைபர் குழுவினர் வேறொரு கோணத்தைத் திறந்தார்கள். டி செல் முதலிய காவலர்கள் இல்லாத எலிகளில் வேதிப்பொருளால் வளர்ந்த கட்டிகளை எடுத்து, நலமான அதே இன எலிகளில் ஒட்டியபோது, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மறுக்கப்பட்டன. நலமான எலிகளில் வளர்ந்த கட்டிகளோ எல்லாம் வளர்ந்தன. களை பிடுங்கும் தோட்டத்தில் தழைத்து நிற்கும் களை, பிடுங்குபவர் கண்ணுக்குப் பயிர்போலத் தெரியும் களையாகத்தானே இருக்கும். நலமான உடலில் வளர்ந்து நாம் காணும் கட்டி, எளிதில் அகப்படும் செல்களை முன்னமே இழந்து வடிகட்டப்பட்டு எஞ்சியது.

வளரும் கட்டி, விழித்திருக்கும் உடல்

"எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் புற்றுநோய் வந்தது" என்று நம்மூரில் சாதாரணமாகச் சொல்கிறோம். எலிகள் இதை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. ஒரு விலாவில் சொந்த இனத்துக் கட்டி பெரிதாக வளர்ந்துகொண்டிருக்கும்போதே, மறு விலாவில் அதே கட்டியின் செல்களைப் புதிதாக வைத்தால், பல சமயங்களில் புதியது வளராது. எதிர்ப்பு இருக்கிறது, முதல் கட்டிக்கு அருகில் மட்டும் அது செல்லுபடியாகவில்லை. இதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டார்கள்.

காரணங்கள் பல. சில புற்றுச் செல்கள் தாம்பாளத்தையே கைவிடுகின்றன. (தாம்பாளமே நீட்டாத செல்லைச் சந்தேகித்துக் கொல்லும் இயற்கைக் கொல்லி செல் என்ற மற்றொரு காவலரும் உண்டு, ஆகவே அது முழுப் பாதுகாப்பான தந்திரமும் அன்று.) சில கட்டிகள், சண்டையை அடக்கும் வகை டி செல்களைத் தம்மைச் சுற்றிச் சேர்த்துக்கொள்கின்றன. மிக முக்கியமானது, டி செல்லின் மேற்பரப்பிலேயே உள்ள தடைகளை அவை அழுத்திப் பிடிப்பது. மலையிறக்கத்தில் லாரிக்குத் தடை வேண்டியது போல, பெருகிய டி செல்கள் சொந்த உடலைத் தாக்காதிருக்க இத்தடைகள் தேவை. கட்டி அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

1996இல் ஜேம்ஸ் ஆலிசன் குழுவினர், சிடிஎல்ஏ-4 என்ற தடையை மறிக்கும் எதிர்ப்பொருளை ஒட்டுக்கட்டி வைத்த எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டிகள் கரைந்தன. அவ்வெலிகள் பின்னர் மீண்டும் வைத்த அதே கட்டியையும் ஏற்கவில்லை. எதிர்ப்பைப் பெருக்கி அவர் இதைச் சாதிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த எதிர்ப்பின் தடையை விடுவித்தார். இதே வழியில் உருவான மனித மருந்துக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது; பிடி-1 என்ற மற்றொரு தடையைக் கண்டறிந்த தசுக்கு ஹொஞ்சோவுடன் ஆலிசன் 2018இன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் முன்பு சொன்ன மைத்துளி போன்ற பி16 கட்டியில் அதே சிடிஎல்ஏ-4 மறிப்பு தனியாகப் பயன் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிறு கவனக் குறைவுகளும் முடிவை மாற்றிவிடும். ஆண் எலியின் கட்டியைப் பெண் எலியில் வைத்தால், ஆணுக்கு மட்டுமே உரிய புரதங்களைப் பெண்ணின் டி செல்கள் அந்நியமாகக் காணலாம். கட்டி ஒளிர்ந்து படத்தில் தெரிய வேண்டும் என்று மின்மினிப் பூச்சியின் புரதத்தைப் புற்றுச் செல்லில் சேர்ப்பதுண்டு. எலியின் உடலுக்கு மின்மினிப் புரதம் புதுப் பண்டமல்லவா?

முடியற்ற எலி

இன்னும் ஒரு வகை எலியைச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. 1960களில் கிளாஸ்கோவில் முடியே இல்லாத எலிகள் தற்செயலாகப் பிறந்தன. அவற்றுக்குத் தைமஸ் சுரப்பி வளர்வதில்லை என்பது 1968இல் தெரிந்தது. தைமஸ் இல்லையேல் பயிற்சி பெற்ற டி செல் இல்லை. டி செல் இல்லையேல் எவருடைய சதையையும் மறுக்க ஆளில்லை. 1969இல் டென்மார்க்கில் மனிதரின் குடற்புற்றை இவ்வெலியில் வைத்தபோது அது வளர்ந்தது. மனிதக் கட்டியின் மீது ஒரு மருந்து நேரடியாக என்ன செய்கிறது என்று பார்க்க இவை இன்றும் மிகவும் உதவுகின்றன. டி செல்கள் கட்டியை எப்படி எதிர்க்கின்றன என்று பார்க்க இவை உதவா. அதற்கு வேண்டிய ஆட்களே அங்கு இல்லை.

இவ்வளவையும் இரண்டு மாலைகளில், இடையிடையே கட்டன்சாயா குடித்துக்கொண்டு, அத்தானுக்குச் சொன்னேன். பிறகு துண்டறிக்கையை மறுபடி விரித்தோம். முன்பக்கத்தில் எலி எந்த இனம், கட்டி யாருடையது, மருந்து கொடுக்காமல் விட்ட எலிகளில் கட்டி என்னவாயிற்று என்ற மூன்றுக்கும் விடை இல்லை. பின்பக்கத்தில், பொடி எழுத்தில், "தைமஸ் அற்ற எலிகளில் மனிதப் புற்றுச் செல்களைச் செலுத்திச் செய்த ஆய்வு" என்று இருந்தது. அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை இருமுறை படித்தார். முன்பக்கத்தைத் திருப்பி, எதிர்ப்பு சக்தி பெருகியதே காரணம் என்ற தடித்த எழுத்தில் விரலை வைத்தார்.

"அப்போ இவன் எதைத்தான் கூட்டினான், தம்பி?"